சாத்தனூர் கல்மரம்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், சாத்தனூரில் கிடக்கும் கல்லாகிப்போன மரத்தண்டு. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். நீளம் சுமார் 18 மீட்டர். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் இதை வெளியுலகுக்கு அறிவித்தார்.

மேற்கே பச்சைமலை, இன்றைய கடற்கரையோ கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில். கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இப்பகுதிவரை ஏறியிருந்தது. நீரில் அடித்துவரப்பட்ட மரம் கடலோரச் சேற்றில் புதைய, நீரில் கரைந்திருந்த சிலிக்கா அதன் திசுக்களில் படிந்து இறுகியது. தட்டினால் கல், உற்றுப் பார்த்தால் மரநார். ஊசியிலை மர வகையாகக் கருதப்படுகிறது. அருகிலுள்ள காரை என்ற ஊரின் வறண்ட ஓடைச்சரிவுகளில் அம்மோனைட், பெலெம்னைட் போன்ற கடலுயிர்ப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல்லும் அப்பழங்கடலின் படிவே.