சட்டையும் சாதியும்

உடையிலே என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. ஒன்றுமே இல்லையெனில், அதைத் தடுக்க அன்று அத்தனை பேர் தடி தூக்கியது ஏன்? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது. சட்டையும் பனியனும் ஆகா. பெண்கள் ரவிக்கை அணியலாகாது. குடையும் செருப்பும் கூடா! மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. அவற்றுள் ஒன்று, அம்மக்களின் பிள்ளைகள் படிக்கலாகாது என்பது. சட்டையைப் பறித்த கையே சிலேட்டையும் பறித்தது, பாரீர்!

இந்த வரலாற்றை மறந்துவிட்டு, சீருடை பிள்ளைகளின் தனித்தன்மையைக் கெடுக்கும் என்று நாகரிகம் பேசுகின்றனர் சிலர். பட்டுச் சட்டைக்காரன் பிள்ளைக்கு அது தனித்தன்மை. கிழிசல் சட்டைக்காரன் பிள்ளைக்கு அது தலைகுனிவு அன்றோ?

சீருடை சீமான் வீட்டுச் சரக்கு என்பதும் பிழை. இலண்டனில் 1552இல் ஏழைப் பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஆஸ்பிட்டல் பள்ளி, அவர்களுக்கு நீல நெடுஞ்சட்டை கொடுத்துப் படிக்க வைத்தது. ஆனால் அங்கே அந்தச் சட்டை ஏழையை ஏழையென்று காட்டிற்று. இங்கே நமக்கு வேண்டியிருந்ததோ, யார் ஏழை, யார் எந்தச் சேரி என்று காட்டாத சட்டை.

அதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் நெ. து. சுந்தரவடிவேலு. குத்தூசி குருசாமியின் துணைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தத்தைச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். 1954இல் காமராசர் முதலமைச்சரானார். குலக்கல்வித் திட்டம் குழியில் வீழ்ந்தது. 1956இல் பள்ளிகளில் பகலுணவு வந்தது. கல்வி இயக்குநராயிருந்த சுந்தரவடிவேலு 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைக் கூட்டினார். பின்னர் ஊருக்கு ஊர் மாநாடுகள்! கரும்பலகை, பெஞ்சு, கட்டடம் என்று ஊரார் பள்ளிக்குக் கொடுத்தனர். பிள்ளைகளுக்குச் சீருடையும் கொடுத்தனர். கொடுத்தனர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறோம். வாங்கி வா என்று கட்டளையிட்டிருந்தால், இல்லாதவன் பிள்ளையை வாயிலில் நிறுத்தும் வேலியாகியிருக்கும் அச்சட்டை.

ஊராரின் நன்கொடை பின்னர் அரசின் கடமையாயிற்று. 1985இல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடைத் திட்டம் வந்தது. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணையாக உயர்ந்தது. கூட்டுறவு நெசவாளர் நெய்த துணியை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்தன. ஒரு சட்டையில் இத்தனை அடுப்புகள் எரிந்தன!

நான்கு எதற்கு என்போர் எமது காத்திவாக்கத்திற்கு வரட்டும். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. கடலை நம்பிய குப்பங்களும் ஆலையை நம்பிய தெருக்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. மீன்பாடு இல்லாத நாளில் மீனவர் வீட்டில் சோறே கேள்விக்குறி. ஒப்பந்தக் கூலியின் வீட்டிலும் அதுவே கதை. ஐப்பசி மழையில், கடற்கரை ஈரக்காற்றில், இரவு துவைத்த ஒற்றைச் சட்டை விடிவதற்குள் காயுமா? காயாத சட்டைக்கு நாணிப் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைக்கு மாற்றுச் சட்டைதான் வருகைப் பதிவேடு.

ஆயினும் சாதி சட்டையோடு ஒழியவில்லை, மணிக்கட்டுக்கு ஏறிக்கொண்டது. தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடுக்க 2019இல் கல்வித்துறை சுற்றறிக்கை விடுத்தது; பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் அதை முடக்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஆதிதிராவிட மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் விலக்கப் பரிந்துரைத்தது.

கயிற்றைப் பள்ளி கட்டவில்லை. வீடும் தெருவும் கட்டி அனுப்புகின்றன. ஆதலால் ஆணை மட்டும் போதாது. அன்று கடம்பத்தூரில் பெஞ்சு கேட்டு ஊரைக் கூட்டியதுபோல, பிள்ளையின் கையிலுள்ள கயிற்றைக் கேட்டும் பெற்றோரைக் கூட்டுவோம் நாம்.