எரிமலைச் சாம்பலும் மேட்டூர்ச் சாம்பலும்

சேலம், நாமக்கல் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "சாம்பல் கல்லில் கட்டினால் சுவர் நிற்குமா?" ஃப்ளை ஆஷ் கல்லைத்தான் சொல்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல இத்தாலி வரை போய்வர வேண்டும்.

எரிமலை கக்கும் சாம்பல் படிந்து, காலப்போக்கில் இறுகிக் கல்லாகிறது. இதை டஃப் என்பார்கள். உள்ளே நுண்துளைகள் இருப்பதால் எடை குறைவு, வெயிலையும் எளிதில் உள்ளே விடாது. உளியால் சுலபமாக வெட்டலாம். ரோம் நகரத்தின் பழைய சுவர்கள், துருக்கியின் கப்படோக்கியாவில் குடைந்த வீடுகள், ஈஸ்டர் தீவின் பெரிய சிலைகளில் பெரும்பாலானவை எல்லாம் இந்தக் கல்தான். நம் நாமக்கல் மலையோ வேறு ஜாதி. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் அந்தக் கெட்டிப் பாறையில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரை குடைந்தவர்களின் பாடு, டஃப் வெட்டியவர்களுக்குக் கிடையாது.

கல்லாக இறுகாத சாம்பலில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. வெறும் சுண்ணாம்புக் கலவை இறுகக் காற்று வேண்டும், தண்ணீருக்கடியில் இறுகாது. நேப்பிள்ஸ் அருகே பொசுவோலி ஊர்ச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்குள்ளும் இறுகுவதை ரோமானியர்கள் கண்டுகொண்டார்கள். அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான் 'பொசோலானா'. துறைமுகச் சுவர்களை அதில் கட்டினார்கள். ரோமில் சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கும் பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடமும் அப்படிப்பட்ட கலவைதான்.

நம் பக்கம் எரிமலை இல்லை. ஆனால் நம் கொத்தனார்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு கலந்தார்கள், அதுதான் சுர்க்கி. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் எரிமலைச் சாம்பல் செய்யும் வேலையையே செய்கின்றன. பென்னிகுயிக் 1887 முதல் 1895 வரை கட்டிய முல்லைப் பெரியாறு அணையில் இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும்தான்.

இப்போது மேட்டூருக்கு வருவோம். அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1987-ல் ஓடத் தொடங்கியது. தலா 210 மெகாவாட்டில் நான்கு அலகுகள். 2013-ல் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. நிலக்கரியில் உள்ள மண் பகுதி கொதிகலன் சூட்டில் உருகி, பொடிப்பொடியான கண்ணாடி உருண்டைகளாகி வெளியே வருகிறது. எரிமலை செய்வதையே கொதிகலன் செய்கிறது. சுண்ணாம்பும் ஈரமும் கிடைத்தால் இந்தச் சாம்பல் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வலுவேறும்.

இதனால் நமக்கு என்ன என்றால், செங்கல் சூளைக்குப் போகும் ஒவ்வொரு லாரி மண்ணும் ஏதோ ஒரு வயலின் மேல்மண் அல்லது ஏரியின் வண்டல். போன மேல்மண் நம் ஆயுளில் திரும்பி வராது. சாம்பலோ குவித்துவைத்தால் காற்றில் பறந்து ஊரைக் கெடுக்கும். அதனால்தான் மத்திய அரசு 1999-ல், அனல் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் சாம்பலைக் கலக்க வேண்டும் என்று அறிவிக்கை போட்டது.

ஆகவே, சுவர் நிற்கும். ஆனால் சாம்பலுக்கு அவசரம் ஆகாது. நன்றாகத் தண்ணீர் விட்டு ஆறவைக்காத கல் விளிம்பில் உதிரும். வாங்கும்போது வார்த்து எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை நாள் நனைத்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.