ஹுமானோ மக்கள்

ஹுமானோ மக்கள் இன்றைய மேற்கு டெக்சாஸ், நியூ மெக்சிகோ, மெக்சிகோவின் வட எல்லை ஆகிய வறண்ட பகுதிகளில் வாழ்ந்த தொல்குடியினர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்பானியர் எழுதிவைத்த ஆவணங்களில் இவர்கள் பெயர் அடிக்கடி வருகிறது. ஆற்றங்கரையில் விளைந்த மக்காச்சோளமும் சமவெளியில் மேய்ந்த காட்டெருமையும் கைமாறிய நெடும்பாதைகளே இவர்களுக்கு வாழ்வளித்தன.

ரியோ கிராண்டே ஆற்றோடு மெக்சிகோவின் கோன்சோஸ் ஆறு கலக்கும் இடத்துக்கு லா ஹுந்தா என்று பெயர். இன்று அங்கே ஒரு கரையில் டெக்சாஸின் பிரெசிடியோவும் மறுகரையில் மெக்சிகோவின் ஒஹினாகாவும் உள்ளன. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டு முதலே அங்கு உழவர் கிராமங்கள் இருந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன. வீடுகள் செவ்வக வடிவிலானவை. தரையைத் தோண்டித் தாழ்வாக்கி, மரக்கால் நட்டு, கழிகளை நெருக்கிக் கட்டி, மண் பூசித் தட்டையாகக் கூரை வேய்ந்தார்கள். வெள்ளம் வடிந்த வண்டல் நிலத்தில் மக்காச்சோளம், அவரையினப் பயறுகள், பூசணி ஆகியவற்றை விதைத்தார்கள்.

கப்பல் உடைந்து கரையேறி, கண்டத்தின் குறுக்கே நடந்துவந்த ஸ்பானியர் கபேசா தெ வாகா 1535இல் இந்தப் பகுதியைக் கடந்தார். இங்கு வாழ்ந்தவர்களை அவர் ‘மாட்டு மக்கள்’ என்று குறித்தார். காட்டெருமை வேட்டையோடு அவர்களுக்கு இருந்த தொடர்பே அதற்குக் காரணம். அவர்கள் சமைத்த முறை அவரை வியக்கவைத்தது. பெரிய சுரைக்குடுக்கையில் பாதியளவு நீர் ஊற்றி, நெருப்பில் பழுத்த கற்களை மரக்கிடுக்கியால் எடுத்துப் போட்டுக் கொதிக்கவைத்து, அதில் பயறும் பூசணியும் வேகவைத்தார்கள். ஏன் மக்காச்சோளம் விதைக்கவில்லை என்று கேட்டதற்கு, இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்தது, போட்ட விதையையும் அகழெலிகள் தின்றுவிட்டன என்றார்கள். மழை பெய்யும்படி வானத்திடம் சொல்லுங்கள் என்றும் அவரிடம் வேண்டினார்கள். இந்த நிலத்தில் உழவை மட்டும் நம்பி எவரும் வாழ முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

விளைச்சல் தவறியபோது காடு சோறு போட்டது. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பறித்தார்கள். தமிழ்நாட்டில் பரவியிருக்கும் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் இனிப்பான காய்களை உலர்த்தி இடித்து மாவாக்கினார்கள். சமவெளியில் வேட்டையாடியவர்கள் தோல் கூடாரங்களில் தங்கினார்கள். முகத்தில் கோடுகள் தீட்டியோ பச்சை குத்தியோ இருந்ததால் ஸ்பானியர் இவர்களைக் கோடிட்டவர்கள் என்றும் அழைத்தனர்.

ஸ்பானியரான அந்தோனியோ தெ எஸ்பேஹோ 1582இல் லா ஹுந்தாவுக்கு வந்தபோது, அடிமை பிடிக்க வந்த ஸ்பானியரை முன்பே கண்டிருந்த கிராமத்தார் மலைகளுக்குள் ஓடினார்கள். ஹுமானோ என்ற பெயர் எழுத்தில் பதிவானது இந்தப் பயணத்தின்போதுதான். ஊர்களில் நிலையாக வாழ்ந்தவர்களும் சமவெளியில் அலைந்தவர்களும் ஒரே மக்களா, இரு வேறு குலத்தாரா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஜே. சார்ல்ஸ் கெல்லி இரண்டையும் பிரித்துப் பார்த்தார். நான்சி ஹிக்கர்சன் 1994இல் வெளியிட்ட நூலில் இவர்களைத் தானோவ மொழிக் குடும்பத்தோடு இணைத்தார். பெயர் எதுவானாலும், ஊராரும் அலைந்தவர்களும் ஒருவரை ஒருவர் சார்ந்தே வாழ்ந்தார்கள்.

அந்தச் சார்பே வணிகமானது. பதனிட்ட தோல், உப்பு, வண்ணமண், வில், அம்பு, நீலப்பச்சைக் கல், இறகு ஆகியவை இவர்கள் வழியாகக் கைமாறின. நியூ மெக்சிகோவின் லாஸ் உமானாஸ் என்ற கல்வீட்டு ஊர் மேற்கே முக்கியச் சந்தையாக இருந்தது. பஞ்சமும் பகைக் குடியினரான அப்பாச்சிகளின் தாக்குதலும் சேர்ந்து 1670களில் அதைக் காலியாக்கின. ஸ்பானியரிடமிருந்து குதிரை கிடைத்தபின், அதைக் கிழக்கு டெக்சாஸின் காடோ மக்கள் வரை கொண்டுசென்று விற்றார்கள்.

இந்த வணிக உலகின் கடைசிப் பெரிய தலைவர் ஹுவான் சபியாதா. அவர் 1683இல் எல் பாசோவுக்கு வந்து ஸ்பானியரிடம், பாதிரிமாரை அனுப்புங்கள், அப்பாச்சிகளை எதிர்க்கத் துணை தாருங்கள் என்று கேட்டார். நட்பான முப்பதுக்கும் மேற்பட்ட குலங்களின் பெயரைச் சொன்னார். ஹுவான் தொமிங்கேஸ் தெ மெந்தோசா தலைமையில் ஒரு படை புறப்பட்டது. 1684 வசந்தத்தில் அது டெக்சாஸில் முகாமிட்டு 4,000க்கும் மேற்பட்ட காட்டெருமைகளைக் கொன்றது. சபியாதா எதிர்பார்த்த நிலையான பாதுகாப்பு மட்டும் கிடைக்கவில்லை. டெக்சாஸ் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் குடியேறிய செய்தியை ஸ்பானியருக்குக் கொண்டுபோனவர்களிலும் அவர் ஒருவர். தொலைதூரச் செய்தியும் இவர்கள் பாதைகளில் ஒரு சரக்காகவே பயணித்தது.

அப்பாச்சிகள் தென்சமவெளியைக் கைப்பற்றியதும் காட்டெருமையும் சந்தைகளும் எட்டாமல் போயின. கொள்ளைநோய், வறட்சி, வெள்ளிச் சுரங்கங்களுக்கான கட்டாய உழைப்பு ஆகியவை லா ஹுந்தா ஊர்களை மெலியவைத்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பகைவராக இருந்த அப்பாச்சிகளோடே ஒரு பகுதியினர் சேர்ந்தனர். ஆவணங்களும் அவர்களை ‘அப்பாச்சி ஹுமானோ’ என்று எழுதத் தொடங்கின. அந்த நூற்றாண்டின் நடுவில் தனிக்குடியாக இவர்கள் பெயர் பதிவுகளிலிருந்து மறைந்தது. மேற்கு டெக்சாஸில் தங்களை ஹுமானோ வழியினர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.