இடத்திலிருந்து வகைமைக்கு: வட்டார பீர்களை ஒப்பிட்டுச் சுவைத்தோரின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

1960-களிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வட்டார ஆலைகளின் பீர்களைத் தேடிச் சுவைத்த ஆர்வலர்கள் விட்டுச்சென்ற எழுத்துகளை இக்கட்டுரை வரலாற்றுச் சான்றாகக் கொள்கிறது. ஊரை அடிப்படையாகக் கொண்டிருந்த ஒப்பீடு வகைமையை அடிப்படையாகக் கொண்டதாக மாறியதையும், அம்மாற்றத்தால் எவை பிழைத்தன, எவை பின்தள்ளப்பட்டன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வட்டார பீர், எயில், மைல்டு, வகைமை, சுவைச்சொல், காம்ரா, மைக்கேல் ஜாக்சன்

முன்னுரை

உணவு, குடி பற்றிய வரலாறு பெரும்பாலும் உற்பத்தியாளரின் கணக்கேடுகளையும் அரசின் வரி ஆவணங்களையும் கொண்டே எழுதப்படுகிறது. குடித்தவர் என்ன சுவையை உணர்ந்தார், எதனோடு எதை ஒப்பிட்டார் என்பவற்றுக்குச் சான்று கிடைப்பது அரிது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீர் இதற்கு விதிவிலக்காயிற்று. ஆலை உரிமையாளரோ வேதியியலாளரோ அல்லாத பலர், ஊர் ஊராகச் சென்று குடித்ததை எழுதிவைத்தனர், கையேடுகள் வெளியிட்டனர், போட்டிகள் நடத்தினர். இவ்வெழுத்துகளைப் பொழுதுபோக்கின் எச்சங்களாகக் கருதி ஒதுக்குவது பிழை. எந்த ஆலை பிழைத்தது, எந்தச் சுவை மறைந்தது என்பதில் இவற்றுக்கு நேரடிப் பங்கு உண்டு.

சொற்கள் குறித்து ஒரு விளக்கம் தேவை. முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவிட்டு, ஈஸ்ட் இட்டு நொதிக்கவைத்துப் பெறுவது பீர். சற்று மிகுந்த வெப்பநிலையில் நொதிப்பது எயில்; குளிரில் நொதித்து நெடுநாள் குளிரிலேயே முதிர்வது லாகர். நறவு, தேறல் முதலிய பழஞ்சொற்களை இவற்றுக்கு இட்டு வழங்குவது பொருள் மயக்கம் தரும். ஆதலால் வழக்கிலுள்ள கடன்சொற்களே இங்கு ஆளப்படுகின்றன. ஆங்கிலத்தில் 'ஸ்டைல்' எனப்படுவதற்கு இலக்கிய ஆய்வில் நாம் பழகிய 'வகைமை' என்னும் சொல் நன்கு பொருந்துகிறது. நிலத்தோடு இணைந்த பகுப்பு என்பதால் 'திணை'யையும் இங்கே பொருத்திப் பார்க்கத் தோன்றலாம். அவ்வொப்புமை கவர்ச்சியானதேயன்றிப் பயனுடையதன்று.

ஊர்வாரியாக ஒப்பிட்ட தலைமுறை

1960-களில் பிரிட்டனின் பீர் ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாஸ் சாரிங்டன், அல்லைடு, விட்பிரெட், வாட்னி மான், கரேஜ், ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் ஆகிய ஆறு நிறுவனங்களின் கையில் தொழிலின் பெரும்பகுதி சேர்ந்துவிட்டது. மதுவிடுதிகள் பல ஆலைகளுக்கே உடைமையாக இருந்தமையால், ஓர் ஆலை விலைபோனால் அதன் விடுதிகளில் ஊற்றப்படும் பீரும் மாறியது. பீப்பாயில் உயிருள்ள ஈஸ்டுடன் வந்த எயிலுக்கு மாற்றாக, வடிகட்டிச் சூடேற்றி, கரியமிலவாயு அழுத்தத்தில் ஊற்றப்படும் 'கெக்' பீர் பரவியது. எங்கும் ஒரே சுவையாக இருந்ததே அதன் விற்பனைச் சிறப்பு.

இதற்கு எதிரான முதல் அமைப்பு, மரப்பீப்பாய் பீரைக் காப்பதற்காக 1963-இல் எப்சம் நகரில் தோன்றியது. அதனினும் விரிவான தாக்கம் உண்டாக்கியது காம்ரா. 1971 மார்ச்சில் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில், டன்குவின் என்னும் சிற்றூரின் மதுவிடுதியில், விடுமுறைக்குச் சென்ற இங்கிலாந்து நண்பர்களான மைக்கேல் ஹார்ட்மன், கிரகாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர் ஆகிய நால்வர் இதைத் தொடங்கினர். 'உண்மை எயில்' என்னும் தொடரை இவ்வியக்கம் முன்னிறுத்தியது. பீப்பாயிலேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து கரியமிலவாயு செலுத்தாமல் ஊற்றப்படுவதே உண்மை எயில் என வரையறுத்தது. இவ்வரையறையில் சுவை பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. செய்முறையை நிலைநிறுத்தினால் சுவை வேறுபாடு தானே பிழைக்கும் என்பதே அதன் உட்கருத்து.

1973-இல் பிராங்க் பெய்லி, பிரிட்டனில் எஞ்சியிருந்த ஆலைகளையும் அவற்றின் பீர்களையும் ஒவ்வொன்றாக விவரிக்கும் கையேட்டை வெளியிட்டார். அடுத்த ஆண்டு காம்ராவின் 'குட் பீர் கைடு' அச்சேறியது. வாட்னி ஆலையின் பீரைக் கொள்ளைநோய்போல் விலக்குமாறு அதில் எழுதப்பட்டிருந்த குறிப்பு வெளியீட்டாரை அஞ்சச் செய்ததும், அச்சிட்ட படிகளை அழித்துச் சற்றுத் தணிந்த சொற்களுடன் மீண்டும் அச்சிட்டதும் பரவலாக அறியப்பட்டவை. ஆய்வு நோக்கில் இந்தச் சர்ச்சையைவிட நூலின் அமைப்பே முதன்மையானது. அது பீர்களின் பட்டியலன்று. மாவட்டவாரியாக அமைந்த மதுவிடுதிகளின் பட்டியல்.

ஏன் விடுதி? பீப்பாய் எயில் உயிருள்ள பொருள். திறந்த பீப்பாய் சில நாள்களில் கெடும். நிலவறையின் குளிர்ச்சி, குழாய்களின் தூய்மை, வண்டல் படியும்வரை காத்திருக்கும் பொறுமை ஆகியவற்றைப் பொறுத்து ஒரே ஆலையின் ஒரே பீர் இரண்டு தெருக்களில் இரண்டு சுவை தரும். ஊற்றும் முறையும் ஊருக்கு ஊர் வேறு. யார்க்‌ஷயரில் குழாய் முனையில் நுண்துளை மூடி பொருத்திக் கெட்டியான நுரை எழுப்புவர்; தெற்கே அதை விரும்பமாட்டார்கள். டிரென்ட் நதிக்கரையிலுள்ள பர்ட்டன் நகரின் நீரில் ஜிப்சம் மிகுதி. அங்குப் பிறந்த பீர் மெல்லிய கந்தக மணத்தால் இனம் காணப்பட்டது. ஆகவே இத்தலைமுறையினர் ஒப்பிட்டது குவளையில் இருந்த திரவத்தை மட்டுமன்று. ஆலை, நீர், நிலவறை, ஊற்றுபவர் கை ஆகிய அனைத்தையும் சேர்த்தே ஒப்பிட்டனர்.

இவ்வொப்பீடு எளிய பீர்களுக்கும் இடமளித்தது. 1978-இல் காம்ரா முதன்முறையாகப் பிரிட்டனின் சிறந்த பீரைத் தேர்ந்தபோது, லண்டன் புல்லர்ஸ் ஆலையின் வலுவான ஈஎஸ்பியும் லங்காஷயரிலுள்ள துவெயிட்ஸ் ஆலையின் பெஸ்ட் மைல்டும் பரிசைப் பகிர்ந்துகொண்டன. மைல்டு என்பது பெரும்பாலும் அடர்நிறமுடைய, ஆல்கஹால் குறைந்த, தொழிலாளர் குடியிருப்புகளில் மாலைதோறும் பருகப்பட்ட மலிவு பீர்.

ஜாக்சனின் நூலும் வகைமையின் எழுச்சியும்

யார்க்‌ஷயரில் பிறந்த பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சன் (1942–2007) 1977-இல் வெளியிட்ட 'வேர்ல்டு கைடு டு பீர்' ஒப்பீட்டின் திசையை மாற்றியது. (இதே பெயருடைய அமெரிக்கப் பாடகரை இவரோடு குழப்புவது இத்துறையின் பழைய நகைச்சுவை.) போர்ட்டர், ஸ்டௌட், பில்ஸ்னர், கோதுமை பீர் முதலிய பெயர்கள் வணிகத்தில் முன்பே வழங்கியவை, ஆனால் அவை ஒழுங்கான பகுப்பாக இருந்ததில்லை. ஜாக்சன் ஒவ்வொன்றுக்கும் பண்புகளும் தோற்றக்கதையும் எடுத்துக்காட்டுகளும் தந்து, பீரை வகைமைகளின் தொகுதியாகக் காட்டினார்.

இந்நூல் தன் ஆசிரியரின் நாட்டைவிட அமெரிக்காவில் ஆழ வேர்விட்டமைக்குக் காரணம் உண்டு. 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கும் பின்வந்த ஆலை இணைப்புகளும் அங்கு வட்டார மரபைத் துண்டித்திருந்தன. 1970-களின் இறுதியில் அந்நாடு முழுவதும் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே இயங்கின. 1965-இல் சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை பிரிட்ஸ் மேட்டாக் மீட்டதும், 1976-இல் சோனோமாவில் ஜாக் மக்காலிஃப் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கியதும் தனித்த முயற்சிகள். 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் தயாரிப்பதைக் கூட்டாட்சி அளவில் அனுமதித்தபின், நினைவில் நிறுத்தத் தம் ஊர் பீர் இல்லாதவர்கள் நூலைப் பார்த்துப் பீர் செய்யத் தொடங்கினர். பிரிட்டனில் வகைமை இருந்ததை விவரித்தது. அமெரிக்காவில் அதுவே செய்முறைக் கட்டளையாயிற்று.

கொலராடோவின் போல்டர் நகரில் 1982-இல் தொடங்கிய அமெரிக்கப் பெருவிழாவில் முதலில் வந்தோரின் வாக்கே பரிசைத் தீர்மானித்தது. 1985-இல் வென்ற சாமுவேல் ஆடம்ஸ் அவ்வெற்றியை விளம்பரமாக்கியது. கூட்டத்தின் வாக்கு சுவையை அளக்குமா என்னும் வாதம் எழுந்தது. 1987 முதல் பெயர் மறைத்துச் சுவைக்கும் நடுவர் குழு வந்தது. 1985-இல் உருவான பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் ஐம்பது மதிப்பெண்களைப் பங்கிட்டது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10.

நேர்மைக்காக வந்த ஏற்பாடு இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெய்லியின் தலைமுறை எவற்றையெல்லாம் சேர்த்து ஒப்பிட்டதோ, அவற்றையே இது திட்டமிட்டு மறைக்கிறது. நடுவர் கேட்கும் வினா 'இது எந்த ஊர் பீர்?' என்பதன்று, 'இது தன் வகைமைக்கு எவ்வளவு பொருந்துகிறது?' என்பதே. டேனிஷ் வேதியியலாளர் மார்டன் மெயில்கார்டு 1970-களில் முன்னின்று வகுத்த சுவைச்சொல் சக்கரம் இவ்வினாவுக்கு மொழியைத் தந்தது. நொதித்தலில் உண்டாகும் டைஅசிட்டைல் வெண்ணெய் மணம் தரும். ஜெர்மானிய லாகரில் அது குற்றம். சில ஆங்கில எயில்களிலும் செக் லாகர்களிலும் சிறிதளவு ஏற்கத்தக்கது. மூலக்கூறு ஒன்றே, குணமா குற்றமா என்பதை வகைமையே தீர்மானிக்கிறது.

மீட்டவையும் பிரித்தவையும்

வகைமை பல பீர்களுக்கு உயிர் கொடுத்தது. போலந்தின் குரோட்ஜிஸ்க் நகரில் புகையூட்டிய கோதுமையால் செய்யப்பட்ட குரோட்ஜிஸ்கியே, 1993-இல் அவ்வூரின் ஆலை மூடப்பட்டதும் நின்றுபோனது. வீட்டில் பீர் தயாரிப்போர் பழைய தகவல்களைத் திரட்டி அதை மீட்டனர். 2015-இல் அவ்வூரிலேயே உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

பிரித்ததற்கான சான்றுகள் அதைவிட மிகுதி. கொலோன் நகர ஆலைகள் 1986-இல் தம்முள் உடன்படிக்கை செய்து, கொல்ஷ் என்னும் பெயரைத் தம் வட்டாரத்துக்கே உரியதாக்கின. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. ஆயினும் அமெரிக்க ஆலைகள் 'கொல்ஷ் வகைமை' என எழுதி அப்பீரைச் செய்கின்றன. இந்தியா பேல் எயிலின் கதை நமக்குச் சற்று நெருக்கமானது. கொல்கத்தா, சென்னை, மும்பை துறைமுகங்களிலிருந்த ஆங்கிலேயருக்காகக் கப்பலேறிய வெளிர்நிற எயில் அது. லண்டன் போ பகுதியின் ஹாட்ஜ்சன் ஆலையும், 1820-களிலிருந்து பர்ட்டன் ஆலைகளும் அவ்வணிகத்தை நடத்தின. ஹாட்ஜ்சன் அதைக் கண்டுபிடித்தார் என்னும் கதையை மார்ட்டின் கார்னலின் ஆய்வுகள் தகர்த்துவிட்டன. இன்று அமெரிக்காவில் இப்பெயரில் விற்பது, 1972-இல் வெளியிடப்பட்ட காஸ்கேடு முதலிய ஹாப்ஸ் இனங்களின் எலுமிச்சை, தேவதாரு மணமுடைய வேறொரு பீர். பெயரில் இந்தியா எஞ்சியிருக்கிறது, பொருளில் இல்லை.

இலங்கையின் லயன் ஸ்டௌட் இன்னும் கூரிய எடுத்துக்காட்டு. மலையகத் தோட்டங்கள் சூழ்ந்த நுவரெலியாவின் ஆலையில் செய்யப்பட்ட இந்த அடர்கருமையான, வலுவான ஸ்டௌட்டை ஜாக்சன் பெரிதும் பாராட்டினார். உற்பத்தி பின்னர்க் கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு மாறியது. நடுவர் திட்டத்தின் 2015-ஆம் ஆண்டு வகைமை நூல் 'வெப்பமண்டல ஸ்டௌட்' என்னும் பிரிவை அமைத்து, ஜமைக்காவின் டிராகன் ஸ்டௌட்டுடன் இதையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்தது. அப்பிரிவை நோக்க, பீர் பிறந்த மலையும் இடம்மாறிய ஆலையும் ஒரு பொருட்டல்ல.

மதிப்பெண்ணும் மைல்டும்

2000-இல் தொடங்கிய 'ரேட்பீர்' இணையதளம் இவ்வொப்பீட்டை உலகளாவியதாக்கியது. அதன் பட்டியல் 2005-இல் பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டெரன் துறவிமடத்தின் பீரை உலகில் தலைசிறந்ததெனக் காட்டியபோது, மடத்தின் வாயிலில் வாகனங்கள் வரிசைகட்டின. துறவிகள் உற்பத்தியைப் பெருக்க மறுத்தனர். அத்தகைய பட்டியல்களின் உச்சியைப் பெரும்பாலும் வலுவான இம்பீரியல் ஸ்டௌட்டுகளே பிடித்தன. ஒரு மிடறில் வியப்பூட்டுவது அதிக மதிப்பெண் பெறுகிறது. மூன்று குவளை குடித்தபின்னும் சலிக்காமையே சிறப்பாக உடைய மைல்டு அவ்வளவையில் தோற்கிறது. காம்ராவின் போட்டியிலோ 2000-இல் மூர்ஹவுஸ் பிளாக் கேட், 2007-இல் ஹாப்சன்ஸ் மைல்டு, 2009-இல் ரட்கேட் ரூபி மைல்டு என மைல்டுகளே முதற்பரிசு பெற்றன. ஆனால் 1950-கள் வரை இங்கிலாந்தில் மிகுதியாகக் குடிக்கப்பட்ட பீர், பரிசுகள் பெற்றும் பெரும்பாலான விடுதிகளுக்குத் திரும்பவில்லை.

ரேட்பீரில் பன்னாட்டு நிறுவனமான ஏபி இன்பெவ் பங்கு வாங்கியிருப்பது 2017-இல் வெளிப்பட்டது. டாக்பிஷ் ஹெட் ஆலை தன் பீர்களின் மதிப்பீடுகளை நீக்குமாறு கோரியது. 2019-இல் தளம் முழுவதும் அந்நிறுவனத்துக்கு உரியதாயிற்று. 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் உலகெங்குமிருந்து ஆர்வலர்கள் எழுதிய சுவைக்குறிப்புகளின் பொதுத் திரட்டு இவ்வாறு ஆய்வாளர் கைக்கு எட்டாமற்போனது. 1973-இல் அச்சான பெய்லியின் கையேடோ இன்றும் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. அதில் இடம்பெற்ற ஆலைகள் பல இன்றில்லை. அவை எந்த ஊரில் எத்தகைய மைல்டைச் செய்தன என்பதை அதில் படிக்க முடிகிறது.