மணிக்கூண்டு கட்டடத்தை வரைந்த உதவியாளர்

 

போன மாதம் நம்ம சமய வகுப்புப் பிள்ளைகளைத் துன் எச். எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். சுபாங் ஜெயாவில் கொமுட்டர் ஏறி, கோலாலம்பூர் பழைய ஸ்டேசனில் இறங்கி நடை. தரிசனம் முடிந்து, இன்னும் நேரம் இருக்கிறதே என்று டத்தாரான் மெர்டேக்கா வரைக்கும் போனோம். அங்கே சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைப் பார்த்து ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், இதை யார் கட்டினாங்க?"

"வெள்ளைக்காரன்" என்றேன். அவன் விடவில்லை. "எந்த வெள்ளைக்காரன்?"

எங்கேயோ படித்த ஞாபகத்தில் "நார்மன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் அது பாதிப் பதில் என்று தெரிந்தது. மீதிப் பாதியை அந்தப் பையனுக்கும் உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1890களில் சிலாங்கூர் பொதுப்பணித் துறைக்கு (இப்போது நாம் ஜே.கே.ஆர் என்கிறோமே, அதுதான்) தலைவராக இருந்தவர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். இலங்கையில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அவருக்குக் கீழே அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன். புது அரசாங்க அலுவலகத்துக்குத் திட்டம் போடச் சொன்னதும் நார்மன் ஐரோப்பிய பாணியில் ஒரு முகப்பு வரைந்து கொடுத்தார். ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. இது முஸ்லிம் ஆட்சியாளர் உள்ள மாநிலம், அதற்குத் தகுந்த பாணி வேண்டும் என்று முடிவு செய்தார். இந்தியாவில் அப்போது அந்த மாதிரிதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே சிவப்புச் செங்கல், அதே குவிமாடம். அது முடிந்தது 1892இல்.

அந்த மாற்று வரைபடத்தை வரையும் வேலை ஓர் உதவியாளர் கைக்குப் போனது. பெயர் ஆர். ஏ. ஜே. பிட்வெல். 1869இல் பிறந்த ஆங்கிலேயர். லண்டன் நகராட்சி வேலையை விட்டுவிட்டு 1893இல் சிலாங்கூருக்கு வந்தபோது வயது 24தான். தரையில் எந்த அறை எங்கே வரவேண்டும் என்ற திட்டம் நார்மனுடையது. இன்று சுற்றுப்பயணிகள் நின்று படம் எடுக்கிறார்களே, அந்த முகப்பு, குதிரை லாட வளைவுகள், செம்புத் தகடு போர்த்திய குவிமாடங்கள், இதெல்லாம் பிட்வெல் கை என்றுதான் இப்போது ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். ஆனால் ரொம்ப காலத்துக்கு எல்லாரும் சொன்ன பெயர் நார்மன். அவர்தான் பதவியில் இருந்தவர்.

1894இல் வேலை ஆரம்பித்து, அக்டோபரில் ஆளுநர் அடிக்கல் வைத்தார். செலவு ஏறக்குறைய 1,52,000 டாலர். செங்கல் மட்டும் 40 லட்சம் என்கிறார்கள். பாக்டரி சூப்பர்வைசர் புத்தி, உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கொத்தனார் நாளைக்கு 500 கல் வைத்தாலும் 8,000 ஆள்-நாள் வருகிறது. அதுவும் கல் வைப்பதற்கு மட்டும்தான். சூளையில் மண் மிதித்தவன், சுமந்தவன், சுண்ணாம்பு குழைத்தவன் இந்தக் கணக்கில் சேரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்ததுதானே.

பிட்வெல் 1895இலேயே வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். கட்டடம் திறந்தது 1897 ஏப்ரலில். அதே வருடம் ஜூனில், விக்டோரியா ராணியின் வைர விழா சமயத்தில், 41 மீட்டர் உயரக் கூண்டில் கடிகாரம் முதன்முதலாக அடித்தது. அப்போது வரைந்தவர் இந்தத் துறையிலேயே இல்லை. அவர் போன வருடமே ஏ. பி. ஹப்பக் என்ற இன்னோர் இளைஞர் தலைமை வரைவாளராக வந்து சேர்ந்தார். நாங்கள் அன்றைக்கு இறங்கிய பழைய ஸ்டேசனும், 1909இல் திறந்த மஸ்ஜிட் ஜாமெக்கும் அவர் வரைந்தவை. பிட்வெல் தொடங்கிவைத்த பாணியைப் பெரிசாக்கியவர் ஹப்பக் என்பது என் எண்ணம். பெயரும் அவருக்குத்தான் நிலைத்தது.

சிங்கப்பூரில் பிட்வெலுக்கு நல்ல காலம். ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தில் சேர்ந்து சில வருடத்தில் பங்குதாரர் ஆனார். 1899இல் திறந்த ராபிள்ஸ் ஹோட்டலின் பெரிய கட்டடம் அவர் வரைந்தது. இன்று குட்வுட் பார்க் ஹோட்டலாக இருக்கும் ஜெர்மன்காரர்களின் கிளப், 1905இல் திறந்த விக்டோரியா மண்டபம், இரண்டும் அவருடையதுதான். 1918இல், ஐம்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார்.

உதவியாளராக இருப்பவர் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல வரவில்லை. பம்பாயில் ஜார்ஜ் விட்டெட் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1904இல் ஜான் பெக் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரருக்கு உதவியாளராகத்தான் வந்தார். பிறகு அந்த மாகாணத்துக்கே ஆலோசகக் கட்டடக் கலைஞர் ஆகி, 1924இல் திறந்த கேட்வே ஆப் இந்தியாவை வரைந்தார். அதை யார் வரைந்தது என்று கேட்டால் எல்லாரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

நம்ம ஆட்கள் சம்பந்தமாகவும் ஒன்று. ஸ்பூனர் பின்னால் மலாய் மாநில ரயில்வேக்குத் தலைவரானார். இலங்கைத் தமிழர்கள் நிறைய பேர் ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியேறிய காலம் அது. ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில் அந்த இலங்கைத் தமிழர் எழுப்பியது.

இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால் நான் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், என் லைனில் இருந்த ஒரு தம்பி, மெசினில் பொருள் சரியாக உட்காருவதற்கு ஒரு தாங்கி செய்து கொடுத்தான். கழிவு நன்றாகக் குறைந்தது. மேலே அனுப்பிய ரிப்போர்ட்டில் சூப்பர்வைசர் என்று என் பெயரை மட்டும் போட்டேன். சான்றிதழ் எனக்கு வந்தது. அந்தத் தம்பி ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போய்விட்டான். நார்மன் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது, அவர் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது நம்ம கோயில் விஷயம். திருப்பணி முடிந்து கல்வெட்டு வைக்கப்போகிறோம். தலைவர், செயலாளர், உபயதாரர் பெயரெல்லாம் தயார். கோபுரத்தில் சுதைவேலை செய்ய ஊரிலிருந்து வந்த சிற்பிகளில் ஸ்தபதி பெயர் மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது. தெற்குப் பக்கம் வேல் பிடித்த முருகனைச் செய்தவர் வேறு ஆள். வெயிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாரத்தில் நின்றவரை நம்மில் பல பேர் பார்த்திருக்கிறோம். அவர் முழுப் பெயர் எனக்குத் தெரியவில்லை, நிர்வாகத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கல்வெட்டில் இடம் இல்லை என்றால் திருப்பணி மலரிலாவது போடலாம் என்று செயலாளர் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜைக்குப் பிறகு அன்னதானக் கூடத்து மேசையில் நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருப்பேன். சிற்பிகள், வர்ணம் அடித்தவர்கள், சாரம் கட்டியவர்கள், மண் சுமந்தவர்கள், யார் பெயர் ஞாபகம் இருந்தாலும், ஊர் பெயரோடு எழுதிவையுங்கள். அவர்களோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் எனக்கு அனுப்புங்கள். மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.