பழ ஜெல்லி

பழச்சாற்றையோ பழத்துண்டுகளையோ ஜெலட்டின் கரைசலில் சேர்த்து, அச்சில் ஊற்றிக் குளிரவைத்துப் பரிமாறும் விருந்து இனிப்பு. விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து ஜெலட்டின் கிடைக்கிறது. அது ஏறத்தாழ 35 டிகிரி செல்சியசில் உருகிவிடும். உடலின் வெப்பம் அதைவிடச் சற்றே அதிகம் என்பதால் வாயில் வைத்ததும் ஜெல்லி கரைகிறது.

19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் இது செல்வர் வீட்டுப் பண்டமாகவே இருந்தது. கன்றின் கால்களை மணிக்கணக்கில் வேகவைத்து வடித்து, ஆறியதும் மேலே படியும் கொழுப்பை வழித்தெடுப்பார்கள். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஒயின் சேர்த்து மறுபடி அடுப்பேற்றி, முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். கொதி வரும்போது வெள்ளைக்கரு கலங்கலையெல்லாம் வாரிக்கொண்டு திரண்டு மேலெழும். பின் கூம்பு வடிவக் கம்பளித் துணிப்பையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக வடியவிடுவார்கள். அவசரப்பட்டுப் பையைப் பிழிந்தால் மறுபடி கலங்கிவிடும். கண்ணாடிபோல் தெளியும்வரை திரும்பத் திரும்ப ஊற்றி வடிப்பார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் செம்பு அச்சுகளில் கோபுரம்போல் எழுந்து நின்ற ஜெல்லிகளுக்குப் பின்னால் சமையற்கட்டுப் பணியாளர்களின் இந்த உழைப்பு இருந்தது. உணவு வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

நீராவி இரயில் எஞ்சின் செய்து பெயர்பெற்ற அமெரிக்கர் பீட்டர் கூப்பர், 1845இல் ஜெலட்டின் தூளுக்குக் காப்புரிமை பெற்றார்; ஆனால் அதை விற்பதில் அவர் அக்கறை காட்டவில்லை. 1897இல் நியூயார்க் மாநிலத்தின் லீ ராய் ஊரில் இருமல் மருந்து தயாரித்துவந்த பெர்ல் வெயிட், தூளுடன் சர்க்கரையும் பழச்சுவையும் கலந்தார். அவருடைய மனைவி மே அதற்கு 'ஜெல்-ஓ' என்று பெயரிட்டார். சரக்கு விலைபோகவில்லை. 1899இல் 450 டாலருக்கு உரிமையை ஆரேட்டர் உட்வர்டிடம் விற்றுவிட்டார்கள். உட்வர்டின் ஆட்கள் சமையல் குறிப்புப் புத்தகங்களை வீடுவீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். தூளைவிட அந்தப் புத்தகங்களே வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தின எனலாம்.

குளிர்சாதனப் பெட்டி பரவியபின் நடுத்தரக் குடும்பத்து விருந்துகளிலும் ஜெல்லி இடம்பிடித்தது. பல நிற அடுக்குகளாகச் செய்வதற்குக் கைப்பக்குவம் வேண்டும். கீழ் அடுக்கு இறுகியபின், ஆறிய கரைசலையே அடுத்து ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும். கரைசல் வெள்ளைக்கருப் பதத்துக்கு வந்தபின் பழத்தைப் போட்டால் அது மிதக்காமலும் அடியில் தங்காமலும் நடுவில் நிற்கும். பச்சை அன்னாசியும் பப்பாளியும் கூடாது: அவற்றின் நொதிகள் ஜெலட்டின் புரதத்தைச் சிதைப்பதால் ஜெல்லி இறுகாது. டப்பா அன்னாசியில் அந்த நொதி சூட்டில் அழிந்திருப்பதால் கவலையில்லை.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் தாவர வழி மாற்று. ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து அதை உலர்த்திப் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மனியில் பழ ஜெல்லிக்கு அகார் சேர்த்துவந்த ஃபேனி ஹெஸ்ஸே, 1881 வாக்கில் நுண்ணுயிர் வளர்ப்புக்கும் அதையே தம் கணவருக்குப் பரிந்துரைத்தார். ஜெலட்டின் தட்டுகள் கோடை வெயிலில் உருகிக்கொண்டிருந்தன; அகாரோ சுமார் 85 டிகிரி வரை உருகாது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் அதுவே புழங்குகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது பரிமாறும் கடற்பாசி இனிப்பும், சைவ வீடுகளின் சைனா கிராஸ் புட்டிங்கும் அகாரில் செய்பவையே. அகார் அறை வெப்பத்திலேயே இறுகும். புரதமல்லாததால் அன்னாசி நொதி அதைச் சிதைக்காது.