கழுவினால் போகும் வெள்ளை

பனிக்கால உருமறைப்பு என்றதும் பளிச்சென்ற வெள்ளை விமானம்தான் பலருக்கும் மனசில் வரும். 1941-42 குளிர்காலத்தில் கிழக்குப் போர்முனையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்க, அப்படி ஒரு விமானம் கிடைப்பது அபூர்வம். புகைக்குழாய்களுக்குப் பின்னால் கரி நீளமாக இழுத்திருக்கும். விமானி கால் வைத்து ஏறுகிற இடத்தில் வெள்ளை தேய்ந்து, அடியில் இருக்கிற சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். மாடல் விமானங்களுக்கு வண்ணம் பூசுகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தேய்மானத்தின் மேல் ஒரு பித்து. அது வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு போர் எப்படி நடந்தது என்பது அந்தத் தேய்மானத்தில் கொஞ்சம் பதிந்திருக்கிறது.

1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படைகள் சோவியத் மண்ணுக்குள் நுழைந்தபோது, குளிர்காலத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும் என்பதுதான் கணக்கு. முடியவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் மாஸ்கோவுக்கு அருகே செம்படை திருப்பி அடித்தது. அதற்குள் எங்கும் பனி. மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களோ மேற்கு ஐரோப்பிய வானத்துக்கு ஏற்ற சாம்பல் நிறங்களில் வந்திருந்தன. பனி மூடிய திடலில் அவை நிற்பதை மேலிருந்து பார்த்தால், பாலில் விழுந்த ஈ மாதிரிதான். ஆகவே களத்திலேயே வெள்ளை அடித்தார்கள். அடித்தது, நம்ம வீட்டுச் சுவர்களுக்குப் பூசுவோமே டிஸ்டெம்பர், கிட்டத்தட்ட அந்த வகை. வசந்தம் வந்ததும் கழுவி எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் வசதி. அடிக்கும்போது சிலுவைச் சின்னத்தையும் எண்களையும் சுற்றிக்கொண்டு போவார்கள். அதனால் சின்னத்தைச் சுற்றிப் பழைய நிறம் ஒரு சட்டம் போலத் தெரியும்.

வெள்ளை பூசியது ஜெர்மானியர்கள் மட்டும் அல்ல. சோவியத் தரப்பில் பல விமானங்கள் எம்.கே-7 என்ற வெள்ளைப் பூச்சோடு தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தன. அதுவும் கழுவக்கூடியதுதான். அதன் பரப்பு சொரசொரப்பாக இருந்ததால் வேகம் குறைந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற எந்திரத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. கண்ணுக்கு மறைவதா, எதிரியைவிட வேகமாகப் பறப்பதா? பனியைப் பரம்பரையாக அறிந்த நாட்டுக்கும் அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடைக்கவில்லை.

இதை 1/48 அளவில் செய்வது எப்படி? மெஸ்ஸர்ஷ்மிட் 109 எஃப் ரகத்தின் இறக்கை நீளம் 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாடலில் அது ஒரு சாண்கூட வராது. நிஜ விமானத்தில் 10 செ.மீ. நீளமுள்ள கீறல் இங்கே 2 மி.மீ. முதலில் சாம்பல் நிறங்களை முழுசாகப் பூசி, சின்னங்களை ஒட்டி, மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்ப்ரேயை மெல்லிசாக அடிப்போம். அதன் மேல் அக்ரிலிக் வெள்ளை. பிறகு தண்ணீர் தொட்ட தூரிகையால் மெதுவாகத் தேய்த்தால், அடியில் இருக்கிற ஹேர் ஸ்ப்ரே இளகி, வெள்ளை செதில் செதிலாக உரியும். ஈரமும் மனிதக் கைகளும் ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்த வேலையை அரை மணி நேரத்தில் செய்கிறோம், அவ்வளவுதான்.

எங்கே தேய்ப்பது என்பதில்தான் சூட்சுமம். அந்த விமானத்தின் மூடி வலது பக்கமாகத் திறக்கும், ஆகவே விமானி ஏறுவது இடது இறக்கை வழியாக. இடது இறக்கையின் அடிப்பகுதி நன்றாகத் தேய வேண்டும், வலதுபக்கம் அந்த அளவுக்குத் தேயாது. எஞ்சின் மூடியின் தாழ்ப்பாள்களைச் சுற்றியும் தேயும், மெக்கானிக் தினமும் கை வைக்கிற இடம் அது. விமானிகளின் பெயரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. உறைபனியில் ஸ்பேனர் பிடித்தவனுக்குப் பெரும்பாலும் இந்தத் தேய்ந்த இடம்தான் மிச்சம்.

இதுவரை சொன்னது இன்பமான பகுதி. மாடல்காரர்கள் மிக விரும்பிச் செய்யும் வெள்ளை மெஸ்ஸர்ஷ்மிட்களில் பல, பச்சை இதயச் சின்னம் கொண்ட 54-ஆம் போர்விமானப் பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவு சிவெர்ஸ்காயா போன்ற திடல்களிலிருந்து பறந்தது. அங்கிருந்து வடக்கே சுமார் 70 கி.மீ. போனால் லெனின்கிராட். அதே குளிர்காலத்தில் அந்த நகரம் முற்றுகைக்குள் இருந்தது. 1941 நவம்பர் 20 முதல் குழந்தைகளுக்கும் வேலை பார்க்காதவர்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. லடோகா ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின் மேல் லாரிகள் உணவு கொண்டுவந்தன. அந்த வழியையும் ஜெர்மன் விமானங்கள் தாக்கின. 872 நாள் முற்றுகையில் பல லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் பசியால்.

ஐரோப்பாவில் விற்கிற பல மாடல் பெட்டிகளில் வாலில் ஒட்ட வேண்டிய ஸ்வஸ்திகா இருக்காது, அல்லது இரண்டு துண்டாக வெட்டி அச்சிட்டிருப்பார்கள். ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைக் காட்டுவதற்குச் சட்டத் தடை உண்டு. காரணம் நியாயமானதுதான். ஆனால் விளைவைப் பாருங்க: கரியும் கீறலும் துல்லியமாக இருக்கிற மாடலில், அது யாருக்காகப் பறந்தது என்ற தகவல் மட்டும் காணாமல் போகிறது. நாமோ வெள்ளையில் மஞ்சள் ஒரு சொட்டுக் கூடுதலா என்று விடிய விடியச் சண்டை போடுகிறோம்.

இதற்காக யாரும் தூரிகையைக் கீழே போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பூசிப் பார்க்காமல் இருந்திருந்தால், அந்த வெள்ளை எவ்வளவு அவசரமாக அடிக்கப்பட்டது என்று எனக்கும் புரிந்திருக்காது. ஆனால் மாடலின் அடிப்பலகையில் விமானியின் பெயரையும் அவன் வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையையும் எழுதுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது நான் எழுதுவது இரண்டே வரி. திடலின் பெயரும் மாதமும் ஒன்று. அந்த மாதத்தில் லெனின்கிராடில் ஒரு குழந்தைக்குக் கிடைத்த ரொட்டியின் எடை இன்னொன்று.